வெள்ளெலிகளும் ஒரு தணிக்கை ஆணையும்: பெர்லின், டிசம்பர் 1930

1930 டிசம்பர் 5, வெள்ளிக்கிழமை மாலை. பெர்லினின் நொல்லெண்டார்ஃப் சதுக்கத்தில் இருந்த மொட்சார்ட்சால் தியேட்டரில் 'ஆல் குவையட் ஆன் த வெஸ்டர்ன் ஃப்ரண்ட்' படம் பொதுமக்களுக்குக் காட்டப்பட்ட முதல் நாள். டிக்கெட் வாங்கி உள்ளே உட்கார்ந்திருந்தவர்களில் பலர் படம் பார்க்க வந்தவர்கள் இல்லை. நாஜிக் கட்சியின் பெர்லின் பொறுப்பாளரும் நாடாளுமன்ற உறுப்பினருமான யோசஃப் கோயபல்ஸ் தன் ஆட்களோடு வந்திருந்தார்.

படம் ஓடத் தொடங்கிச் சற்று நேரத்திலேயே கூச்சல் கிளம்பியது. யூதர்களே வெளியேறுங்கள் என்று கோஷம் எழுந்தது. நாற்றக் குண்டுகள் விழுந்தன, தும்மல் பொடி பறந்தது. அப்புறம் இருட்டுக்குள் வெள்ளெலிகளை அவிழ்த்துவிட்டார்கள். படத்தை நிறுத்தி விளக்கைப் போட்டார்கள். யூதர் என்று சந்தேகப்பட்டவர்களை அந்தக் கும்பல் அடித்தது. போலீஸ் வந்து அரங்கைக் காலி செய்தது. பத்தே நிமிடத்தில் தியேட்டர் பைத்தியக்கார விடுதி போல ஆகிவிட்டது என்றும், போலீஸால் ஒன்றும் செய்ய முடியவில்லை என்றும் கோயபல்ஸ் தன் நாட்குறிப்பில் பெருமையாக எழுதி வைத்தார்.

சினிமா வரலாற்றில் இது பெரும்பாலும் எலிக் கதையாகவே சொல்லப்படுகிறது. எலிகள் ஓடியது ஒரு மாலைப்பொழுதுதான். அடுத்த ஆறாவது நாள், டிசம்பர் 11 அன்று, அந்தப் படத்துக்கு ஜெர்மனி முழுவதும் தடை வந்தது. தடை விதித்தது கோயபல்ஸ் அல்ல. அப்போது நாஜிகளிடம் மத்திய ஆட்சி இல்லை. ஜனநாயக அரசியலமைப்பின் கீழ் இயங்கிய ஒரு தணிக்கை மேல்முறையீட்டுக் குழு, சட்டப் பிரிவுகளைக் காட்டி, விசாரணை நடத்தி, வாதங்களைக் கேட்டு, முறைப்படி விதித்தது. அரங்கைக் கலைத்த கும்பலைவிட, அந்தக் கும்பல் கேட்டதை ஒழுங்கான காகிதத்தில் எழுதிக் கொடுத்த அலுவலகத்தைப் பற்றித்தான் இந்த நிகழ்வில் அதிகம் பேச வேண்டும் என்று நினைக்கிறேன்.

அப்படி என்னதான் இருந்தது அந்தப் படத்தில்?

முதல் உலகப் போரில் ஜெர்மன் படையில் சேர்ந்த ஒரு பள்ளி வகுப்பின் கதை அது. எரிஷ் மரியா ரெமார்க் எழுதிய நாவல் 1928 நவம்பரிலிருந்து பெர்லின் நாளேடு ஒன்றில் தொடராக வந்து, 1929 ஜனவரியில் புத்தகமானது. ஓராண்டுக்குள் ஜெர்மனியில் மட்டும் விற்பனை பத்து லட்சத்தை நெருங்கியது. ரெமார்க் ஓஸ்னாப்ரூக் ஊர்க்காரர். பதினெட்டு வயதில் படைக்கு அழைக்கப்பட்டு, 1917 கோடையில் மேற்குப் போர்முனைக்குப் போனவர். சில வாரங்களிலேயே, ஜூலை 31 அன்று, குண்டுச் சிதறல் பாய்ந்து மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார். இவன் எத்தனை நாள் போர் பார்த்தான் என்று நாஜிகள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். கேட்டவர்களில் முன்னணியில் நின்ற கோயபல்ஸ் ஒரு நாள்கூடப் போர்முனையைப் பார்த்ததில்லை. கால் ஊனம் காரணமாக அவரைப் படையில் எடுக்கவில்லை. உடல் ஊனத்தை யாரும் குறையாகச் சொல்லக் கூடாது. ஆனால் போர்வீரர்களின் மானத்துக்கு அவர் தன்னைக் காவலராக நியமித்துக்கொண்டபோது, காயம்பட்டுத் திரும்பியவனைப் பார்த்து அந்தக் கேள்வியைக் கேட்கும் உரிமை எங்கிருந்து வந்தது என்று கேட்கத்தான் வேண்டியிருக்கிறது.

படத்தைத் தயாரித்தது அமெரிக்காவின் யுனிவர்சல் நிறுவனம். அதன் உரிமையாளர் கார்ல் லெம்லே, தென் ஜெர்மனியில் லௌப்ஹைம் என்ற சிற்றூரில் பிறந்த யூதர். 1884இல் பதினேழு வயதில் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறியவர். தயாரிப்புப் பொறுப்பு அவருடைய மகனிடம் இருந்தது. இயக்கியவர் லூயிஸ் மைல்ஸ்டோன், ரஷ்யப் பேரரசின் கிஷினேவ் நகரில் பிறந்து அமெரிக்கா போனவர். ஏறக்குறைய பன்னிரண்டு லட்சம் டாலர் செலவு. அந்தக் காலத்தில் அது பெரிய தொகை. கலிஃபோர்னியாவின் மேய்ச்சல் நிலத்தில் பதுங்குகுழிகளை வெட்டி, முள்கம்பி வேலி போட்டு, குண்டு வெடித்த பள்ளங்களைத் தோண்டி, பிரான்ஸின் போர்க்களத்தை உண்டாக்கினார்கள். 1930 ஏப்ரலில் அமெரிக்காவில் வெளியானது. நவம்பரில் சிறந்த படத்துக்கும் சிறந்த இயக்கத்துக்குமான ஆஸ்கர் கிடைத்தது. பெர்லினில் எலிகள் ஓடியது அதற்கு ஒரு மாதம் கழித்து.

பேசும் படம் வந்த புதிது அது. மைக்கைக் கண்டு பயந்து கேமராவை ஒரே இடத்தில் நட்டு வைத்த காலம். மைல்ஸ்டோன் அதற்குக் கட்டுப்படவில்லை. பிரெஞ்சுப் படை பாய்ந்து வரும் தாக்குதல் காட்சியைப் பாருங்கள். ஜெர்மன் பதுங்குகுழியின் ஓரத்தில் இயந்திரத் துப்பாக்கி சுடத் தொடங்குகிறது. கேமரா பக்கவாட்டில் நகர்கிறது. நகர நகர, ஓடி வருகிறவர்கள் வரிசையாக விழுகிறார்கள். துப்பாக்கிக் குழல் திரும்பும் வேகமும் கேமரா நகரும் வேகமும் ஒன்றாக இருப்பதால், பார்ப்பவனுடைய கண்ணே சுடுகிற மாதிரி ஆகிவிடுகிறது. ஒருவன் முள்கம்பியை எட்டிப் பிடிக்கும் நேரத்தில் குண்டு வெடிக்கிறது. புகை விலகியதும் கம்பியில் இரண்டு கைகள் மட்டும் பற்றியபடி இருக்கின்றன. உடல் இல்லை.

அந்தத் தாக்குதலின் கணக்கையும் கவனிக்க வேண்டும். பிரெஞ்சுக்காரர்கள் வந்து ஜெர்மானியர்களின் பதுங்குகுழிக்குள் குதிக்கிறார்கள். இவர்கள் பின்வாங்குகிறார்கள், அப்புறம் திருப்பித் தாக்கி எதிரியின் வரிசை வரை போகிறார்கள், அங்கே இவர்களும் அதே மாதிரி இயந்திரத் துப்பாக்கிக்கு முன்னால் விழுகிறார்கள், மறுபடியும் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வருகிறார்கள். ஒரு அடி நிலம் கைமாறவில்லை. அடுத்த காட்சி சமையல் வண்டியருகே. சமையல்காரர் 150 பேருக்கு உலை வைத்திருக்கிறார். வரிசையில் நிற்பது 80 பேர். எல்லாரும் வந்தால்தான் பரிமாறுவேன் என்று அடம்பிடிக்கிறார். எல்லாரும் வந்தாயிற்று என்று சொல்கிறார்கள். மீதிப் பேருடைய பங்கையும் சேர்த்துச் சாப்பிடக் கிடைத்த சந்தோஷத்தில் பையன்கள் இருக்கிறார்கள். அவர்கள் கல்நெஞ்சர்கள் இல்லை. பசி அவ்வளவு.

இதே வகையில்தான் பூட்ஸ் காட்சியும். கெம்மரிஷ் என்ற பையனுக்குக் கால் எடுத்தாகிவிட்டது, சாகக் கிடக்கிறான். அவனிடம் நல்ல மெத்தென்ற தோல் பூட்ஸ் இருக்கிறது. பார்க்க வந்த தோழன் முல்லருக்கு அது வேண்டும். இவனுக்கு இனி அதனால் என்ன பயன் என்று வெளிப்படையாகவே கேட்டுவிடுகிறான். பூட்ஸ் கைமாறுகிறது. அதைப் போட்டவன் விழுகிறான், அடுத்தவன் கால்களுக்குப் போகிறது, அவனும் விழுகிறான். அதிக வசனம் இல்லாமல், நடக்கும் கால்களைக் காட்டியே இதைச் சொல்லிவிடுகிறார் இயக்குநர்.

குண்டுப் பள்ளத்துக் காட்சிதான் படத்தின் நடுநாடி. கதாநாயகன் பவுல் பாய்மர் பள்ளத்தில் பதுங்கியிருக்கிறான். மேலேயிருந்து ஒரு பிரெஞ்சு வீரன் வந்து விழுகிறான். பவுல் பயத்தில் கத்தியால் குத்திவிடுகிறான். வெளியே சுட்டுக்கொண்டே இருப்பதால் ஏறிப் போக முடியாது. குத்துப்பட்டவன் உடனே சாகவும் இல்லை. ஓர் இரவு முழுக்க இருவரும் அந்தப் பள்ளத்தில். விடியும்போது அவன் கண்கள் திறந்தபடி இருக்கின்றன. பவுல் தண்ணீர் கொடுக்கிறான், கெஞ்சுகிறான், மன்னிப்புக் கேட்கிறான், சட்டைப் பையிலிருந்து எடுத்த படத்தில் அவன் மனைவியையும் குழந்தையையும் பார்க்கிறான். பிரெஞ்சு வீரனாக நடித்தவர் ரேமண்ட் கிரிஃபித், ஊமைப்பட காலத்தின் நகைச்சுவை நடிகர். குரல்வளை பாதிக்கப்பட்டு, கிசுகிசுப்பதற்கு மேல் பேச முடியாதவர். பேசும் படம் வந்ததும் அவருக்கு வாய்ப்பு இல்லாமல் போனது. இந்தப் படத்தில் அவருக்கு ஒரு சொல்கூட வசனம் கிடையாது. பவுலாக நடித்த லூ அயர்ஸ் அங்கே கொஞ்சம் மிகையாகவே நடிக்கிறார் என்பது என் கருத்து. மேடை நாடக வாடை படத்தில் வேறு சில இடங்களிலும் அடிக்கிறது. ஆனால் அந்தக் காட்சியில் நம் கண் அவர்மீது நிற்பதில்லை. எதிரே சாய்ந்திருப்பவனுடைய அசையாத முகத்தைத்தான் பார்க்கிறோம்.

நாவலில் இல்லாத ஒரு காட்சியைப் படத்தில் சேர்த்தார்கள். படத்தின் தொடக்கத்தில், தாய்நாட்டுக்காகச் சாவது இனிது என்று வகுப்பில் முழங்கிப் பையன்கள் அத்தனை பேரையும் படைக்கு அனுப்பி வைத்தவர் கான்டொரெக் ஆசிரியர். விடுப்பில் ஊர் வரும் பவுல் அதே வகுப்பறைக்குப் போகிறான். ஆசிரியர் இன்னும் அதே பேச்சைப் பேசிக்கொண்டிருக்கிறார். பெஞ்சுகளில் இருப்பவர்கள் இன்னும் சின்னப் பையன்கள். முன்னால் நிறுத்தி, நீ பார்த்ததைச் சொல் என்கிறார். அவன் சொல்கிறான்: நாட்டுக்காகச் சாவது அழுக்கானது, வலி மிகுந்தது, சாகாமல் இருப்பதே மேல். மாணவர்கள் அவனைக் கோழை என்கிறார்கள். விடுப்பு முடியும் முன்பே அவன் போர்முனைக்குத் திரும்புகிறான். அங்கே இருப்பவர்களிடமாவது பொய் சொல்ல வேண்டியதில்லை.

பெர்லினில் எலி விடச் சொன்னவருக்கு எது வலித்தது என்பது இந்தக் காட்சியைப் பார்த்தால் புரியும். ஜெர்மானியர்களை அரக்கர்களாகக் காட்டிய ஹாலிவுட் படங்கள் போர்க்காலத்தில் வந்திருக்கின்றன. லெம்லேயின் நிறுவனமே 1918இல் ஜெர்மன் பேரரசர் கெய்சரை மிருகம் என்று தலைப்பிலேயே சொல்லி ஒரு படத்தை வெளியிட்டது. இது அப்படி இல்லை. இதில் ஜெர்மன் வீரர்கள் அன்பானவர்கள். பசிக்கிறவர்கள், அழுகிறவர்கள், ஒருவரையொருவர் தோளில் சுமக்கிறவர்கள். அமெரிக்க ரசிகன் எதிரிக்காகக் கண்ணீர் விட்டான். அப்படியிருந்தும் அதை நாட்டுக்கு அவமானம் என்றார்கள் என்றால், அவர்களுக்குத் தேவைப்பட்டது வேறொரு வீரன். ஏமாற்றப்பட்டதை உணராத வீரன்.

சரி, அந்த வாரத்துக்கு வருவோம்.

1930 செப்டம்பர் 14 தேர்தலில் நாஜிக் கட்சி 12 இடங்களிலிருந்து 107 இடங்களுக்குத் தாவியிருந்தது. வேலையில்லாதோர் எண்ணிக்கை 40 லட்சத்தைத் தாண்டியிருந்தது. பிரதமர் ஹைன்ரிஷ் ப்ரூனிங்குக்குப் பெரும்பான்மை இல்லை. குடியரசுத் தலைவர் ஹிண்டன்பர்க் கையெழுத்திடும் அவசரச் சட்டங்களை நம்பி ஆட்சி ஓடியது. ஹிண்டன்பர்க் போர்க்காலத் தளபதி. ப்ரூனிங்கும் இயந்திரத் துப்பாக்கிப் படைப்பிரிவில் போர்முனையில் இருந்தவர்தான். அன்றைய அரசில் இருந்தவர்களுக்குப் போர் என்றால் என்ன என்று தெரியாது என்று சொல்ல முடியாது. தெரிந்தவர்களே நிறைய இருந்தார்கள். இந்த வழக்கில் என்னை மிகவும் தொந்தரவு செய்வது அதுதான்.

ஜெர்மானிய மொழியில் டப்பிங் செய்யப்பட்ட பிரிண்ட்டை நிறுவனம் முன்கூட்டியே கத்தரித்துத்தான் தணிக்கைக்கு அனுப்பியது. நவம்பர் 21 அன்று பெர்லின் தணிக்கைக் குழு அனுமதி கொடுத்தது. பாதுகாப்பு அமைச்சகத்தின் பிரதிநிதி ஆட்சேபித்தார். வெளியுறவு அமைச்சகம் ஆட்சேபிக்கவில்லை. நாட்டின் மிகப் பெரிய திரைப்பட நிறுவனமான உஃபா, தேசியவாதத் தலைவர் ஹுகன்பர்க்கின் கையில் இருந்தது. அது தன் தியேட்டர்களில் இந்தப் படத்தைத் திரையிட மறுத்தது. அதனால்தான் ஹான்ஸ் ப்ராட்னிட்ஸ் நடத்திய மொட்சார்ட்சாலுக்குப் படம் வந்தது.

வெள்ளிக்கிழமை ரகளைக்குப் பிறகும் காட்சிகளைப் போலீஸ் காவலோடு நடத்தினார்கள். கோயபல்ஸ் போராட்டத்தைத் தெருவுக்குக் கொண்டுவந்தார். பெர்லினின் மேற்குப் பகுதியில் மாலைதோறும் ஆயிரக்கணக்கில் ஊர்வலம், மோதல், தடியடி. பெர்லின் போலீஸ் தலைவர் ஆல்பர்ட் க்ரெஸின்ஸ்கி சமூக ஜனநாயகக் கட்சிக்காரர். அவர் படத்தைத் தொடவில்லை, திறந்தவெளி ஊர்வலங்களுக்குத் தடை போட்டார். கவனிக்க வேண்டிய இடம் இது. ஒழுங்கைக் காக்கும் பொறுப்பில் இருந்த நேரடி அதிகாரி, கலகம் செய்கிறவனைத்தான் தடுத்தார். அவர் செய்தது சரி. தலைநகர் இருந்த பிரஷ்யாவின் முதல்வர் ஓட்டோ ப்ரௌனும் படத்தின் பக்கம்தான் நின்றார்.

அழுத்தம் வேறு வாசலில் வந்தது. 1920ஆம் ஆண்டு திரைப்படச் சட்டப்படி, ஏற்கெனவே அனுமதித்த படத்தின் அனுமதியை ரத்து செய்யக் கோரி மாநில அரசுகள் மேல்முறையீட்டுக் குழுவிடம் போகலாம். சாக்ஸனி, பவேரியா, வூர்ட்டம்பெர்க், துரிங்கியா, ப்ரௌன்ஷ்வைக் ஆகிய மாநிலங்கள் போயின. துரிங்கியாவில் அப்போதே நாஜிக் கட்சியின் வில்ஹெல்ம் ஃப்ரிக் உள்துறை அமைச்சராக உட்கார்ந்திருந்தார். ப்ரௌன்ஷ்வைக்கிலும் அந்த இலாகா நாஜி ஒருவரிடம்தான். மற்ற மூன்றில் நாஜி அமைச்சர்கள் யாரும் இல்லை. பழமைவாத ஆட்சியாளர்கள், முன்னாள் படைவீரர் சங்கங்கள், அதிகாரிகள் சங்கங்கள் என்று ஒரு பெரும் கூட்டம் ஒரே திசையில் தள்ளியது. கோயபல்ஸின் ஆட்கள் கதவை உதைத்த சத்தத்தில், உள்ளேயிருந்து தாழ்ப்பாளைத் திறந்துவிட்டவர்களை நாம் மறந்துவிடுகிறோம்.

சட்டம் என்ன சொன்னது? பொது ஒழுங்குக்கு ஆபத்து, மத உணர்வைப் புண்படுத்துதல், மனத்தைக் கொடூரமாக்குதல் அல்லது சீரழித்தல், வெளிநாடுகளில் ஜெர்மனியின் நற்பெயருக்கோ வெளிநாட்டு உறவுக்கோ கேடு என்ற காரணங்களுக்காகத் தடுக்கலாம். அதே பிரிவு இன்னொன்றையும் சொன்னது: அரசியல், சமூக, சமய, அற, உலகப் பார்வைச் சார்பு ஒன்றை மட்டும் வைத்து அனுமதி மறுக்கக் கூடாது. எழுதியவர்கள் நல்ல எண்ணத்தோடுதான் எழுதியிருக்கிறார்கள்.

டிசம்பர் 11 அன்று எர்ன்ஸ்ட் ஸேகர் தலைமையிலான மேல்முறையீட்டுக் குழு கூடியது. மூன்று வாரத்துக்கு முன் ஆட்சேபமில்லை என்ற வெளியுறவு அமைச்சகம் இப்போது நிலையை மாற்றிக்கொண்டது. உள்துறையும் தடைக்குச் சாதகமாகப் பேசியது. குழு எடுத்துக்கொண்ட காரணம் நாட்டின் நற்பெயர். இது போரைக் காட்டும் படம் அல்ல, ஜெர்மனியின் தோல்வியைக் காட்டும் படம் என்ற வாதம் அங்கே ஏறியது. அனுமதி ரத்து.

இந்தக் காரணத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். வெளிநாடுகளில் கெடும் நற்பெயரைக் காப்பாற்ற, உள்நாட்டில் தடை. படம் அதற்குள் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் மாதக்கணக்கில் ஓடிக்கொண்டிருந்தது. பெர்லினில் பூட்டினால் நியூயார்க்கில் என்ன மாறிவிடும்? தெருக் கலவரத்துக்குப் பயந்து தடுத்தோம் என்று எழுதினால், அரசு கும்பலுக்குப் பணிந்தது என்று ஆவணமே சாட்சி சொல்லும். நற்பெயர் என்று எழுதினால் அந்தச் சிக்கல் இல்லை. ஆனால் தடைக்கு முந்திய ஆறு நாட்களில் மாறியது நற்பெயர் அல்ல, தெரு. கோயபல்ஸ் இதை மிகச் சரியாகப் படித்தார். தன் பத்திரிகையில் வெற்றி என்று கொண்டாடினார். ஆறு நாள் கூச்சல் போட்டால் அரசு தன் முடிவையே திருப்பி எழுதும் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. வெல்ட்பூனே வார இதழின் ஆசிரியர் கார்ல் ஃபான் ஒஸியட்ஸ்கி இது குடியரசின் தோல்வி என்று அப்போதே எழுதினார். பிற்பாடு அவர் வதை முகாமுக்குப் போனார், அமைதி நோபல் பெற்றார், 1938இல் போலீஸ் காவலிலேயே இறந்தார்.

சில வாரங்களில் ஆஸ்திரியாவும் அதே வழியில் போனது. வியன்னாவில் ரகளை, பிறகு தடை.

அடுத்த கட்டம் அதிகம் பேசப்படுவதில்லை. எனக்கு அது தடையைவிட மோசமாகப் படுகிறது. சமூக ஜனநாயகக் கட்சியும் மனித உரிமை அமைப்புகளும் எதிர்ப்புத் தெரிவித்ததால், 1931 மார்ச்சில் சட்டத்தைத் திருத்தினார்கள். பேச்சு வழக்கில் அதற்கு ரெமார்க் சட்டம் என்றே பெயர் வந்தது. அதன்படி குறிப்பிட்ட சங்கங்கள், மூடிய அரங்கில், உறுப்பினர்களுக்கு மட்டும் காட்டலாம். செப்டம்பரில் பொதுத் திரையிடலுக்கும் அனுமதி வந்தது, ஒரு விலையோடு. மேலும் வெட்டிய பிரதியை மட்டுமே காட்ட வேண்டும். அதோடு, ஜெர்மனியின் நற்பெயருக்கு ஊறு என்று சொன்ன பகுதிகள் இல்லாத பிரதியையே உலகெங்கும் திரையிடுவதாக யுனிவர்சல் எழுதிக் கொடுக்க வேண்டும். நிறுவனம் ஒப்புக்கொண்டது. ஜெர்மன் சந்தை பெரியது. லெம்லேக்குப் பிறந்த மண்மீது பாசமும் இருந்தது, போருக்குப் பிறகு லௌப்ஹைமுக்கு அவர் பணமும் பொருளும் அனுப்பிக்கொண்டே இருந்தவர். எந்தக் காரணமாக இருந்தாலும், பெர்லின் அலுவலகம் ஒன்று உலகத் தியேட்டர்களுக்கான கத்தரியைக் கையில் வாங்கிக்கொண்டது. இன்றைக்கும் பெரிய சந்தை வைத்திருக்கும் நாடுகளுக்காக ஸ்டுடியோக்கள் படங்களை முன்கூட்டியே திருத்துவதைப் பார்க்கிறோம். அந்தப் பழக்கத்துக்கு இத்தனை வயது ஆகிறது.

அவ்வளவு வெட்டியும் 1933 வரைதான். ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் முழுத் தடை. மே 10 அன்று பெர்லின் ஓபரா சதுக்கத்தில் நாவல் எரிந்தது. உலகப் போர் வீரர்களுக்கு இலக்கியத்தால் துரோகம் செய்தவன் என்று பெயர் சொல்லித் தீயில் போட்டார்கள்.

இதில் சம்பந்தப்பட்டவர்கள் என்ன ஆனார்கள் என்பதையும் இந்த ஆய்வில் சேர்க்காமல் விட முடியாது. ரெமார்க் 1933 ஜனவரியில் நாட்டைவிட்டு ஸ்விட்சர்லாந்து போய்விட்டார். 1938இல் அவருடைய குடியுரிமையைப் பறித்தார்கள். ஜெர்மனியில் தங்கிவிட்ட தங்கை எல்ஃப்ரீட ஷோல்ட்ஸ் ஒரு தையல்காரர். போரில் தோற்கத்தான் போகிறோம் என்று பேசியதற்காக அவரை மக்கள் நீதிமன்றம் என்ற பெயரில் இருந்த நாஜி நீதிமன்றத்தில் நிறுத்தி, 1943 டிசம்பரில் தலையை வெட்டிக் கொன்றார்கள். மொட்சார்ட்சாலை நடத்திய ஹான்ஸ் ப்ராட்னிட்ஸ் 1944இல் ஆஷ்விட்ஸ் வதை முகாமில் கொல்லப்பட்டார். லெம்லே, தன்னிடம் இருந்த செல்வாக்கையும் பணத்தையும் வைத்து முந்நூறுக்கும் மேற்பட்ட யூதக் குடும்பங்கள் அமெரிக்காவுக்கு வர உத்தரவாதப் பத்திரங்களில் கையெழுத்துப் போட்டார். பட விஷயத்தில் அவர் விட்டுக்கொடுத்ததை மேலே கடுமையாகச் சொல்லியிருக்கிறேன். இதையும் அதே அழுத்தத்தோடு சொல்ல வேண்டும்.

தடை ஆணையில் தலைமை வகித்த ஸேகர்? 1933க்குப் பிறகு கோயபல்ஸின் பிரசார அமைச்சகத்தில் திரைப்படப் பிரிவின் தலைவரானார். 1937இல் இறக்கும் வரை அங்கேயே வேலை பார்த்தார்.

அமெரிக்காவையும் பார்க்க வேண்டும். பவுலாக நடித்தபோது லூ அயர்ஸுக்கு வயது இருபது, இருபத்தொன்று. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா இறங்கியதும், துப்பாக்கி தூக்க மாட்டேன் என்று அவர் மனச்சாட்சியின் பேரில் மறுத்தார். 1942இல் செய்தி வெளியானதும் அவர் நடித்த படங்களைத் திரையிட மாட்டோம் என்று சில தியேட்டர்கள் அறிவித்தன. அங்கே எலி யாரும் விடவில்லை, வீரனின் மானம் பற்றிய பேச்சு மட்டும் பழக்கமானதாகவே இருந்தது. அயர்ஸ் ஆயுதமில்லாத மருத்துவப் பணியாளராகப் படையில் சேர்ந்து, நியூ கினியிலும் பிலிப்பைன்ஸிலும் குண்டுவீச்சுக்கு நடுவே காயம்பட்டவர்களுக்குச் சிகிச்சை செய்தார்.

பெர்லினில் மட்டும் இந்தப் படம் வெட்டுப்பட்டது என்று நினைக்க வேண்டாம். யுனிவர்சலே பின்னாளில் மறுவெளியீடுகளுக்காகக் குறைத்தது. 1939இல் நாஜிகளைக் கண்டிக்கும் பின்னணி விவரணையை ஒட்டி மறுபடி வெளியிட்டது. நோக்கம் எதுவானாலும், போரே வேண்டாம் என்ற படத்தை ஒரு தரப்பின் பிரசாரமாக மாற்றுகிற வேலைதான் அதுவும். ஒரு மறுவெளியீட்டில், இசையே இல்லாமல் முடிய வேண்டிய கடைசிக் காட்சிக்கு இசை சேர்த்துவிட்டார்கள். மைல்ஸ்டோன் 1980இல் இறப்பதற்கு முன், அதை எடுத்துவிட்டுப் படத்தைப் பழையபடி ஆக்குங்கள் என்று கேட்டிருந்தார். அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் பிற்பாடு செய்த மீட்டெடுப்பில்தான் அது நிறைவேறியது.

2022இல் எட்வர்ட் பெர்கர் ஜெர்மானிய மொழியிலேயே இந்த நாவலைப் படமாக்கினார். நான்கு ஆஸ்கர் வாங்கியது. ஒலி, சேறு, புகை எல்லாம் அபாரம். ஆனால் பவுல் விடுப்பில் ஊருக்கு வரும் பகுதியே அதில் கிடையாது. அதற்குப் பதில் போர்நிறுத்தப் பேச்சுவார்த்தைகளைச் சேர்த்திருக்கிறார்கள். அம்மா, அக்கா, மதுக்கடையில் வரைபடத்தை விரித்து வைத்துப் போரை எப்படி வெல்லலாம் என்று இவனுக்கே பாடம் எடுக்கும் ஊர்ப் பெரியவர்கள், இவர்கள் யாரும் இல்லாததால், போர்முனையின் கொடுமை தெரிகிறது, பையன்களை அங்கே அனுப்பி வைத்தவர்கள் தப்பித்துவிடுகிறார்கள். 1930 படம் அவர்களைத் தப்பவிடவில்லை.

பார்க்க விரும்புகிறவர்களுக்கு: பழைய டிவி ஒளிபரப்பிலிருந்து எடுத்த, இரண்டு மணி நேரத்துக்கும் குறைவான பிரதிகள் இணையத்தில் சுற்றுகின்றன. அவற்றை விட்டுவிடுங்கள். மீட்டெடுத்த பேசும் பிரதி இரண்டே கால் மணி நேரத்தை ஒட்டி ஓடும். அன்று பேசும் கருவி இல்லாத தியேட்டர்களுக்காக, வசன அட்டைகளோடு தனியாகத் தயாரித்த பிரதி ஒன்றும் உண்டு. 2012இல் வந்த ப்ளூரே வட்டில் இரண்டும் இருக்கின்றன. முதலில் பேசும் பிரதியைப் பாருங்கள். பிறகு நேரம் கிடைத்தால், வகுப்பறைக் காட்சிகள் இரண்டையும் மட்டுமாவது மற்றதில் பாருங்கள். அங்கே ஆசிரியரின் முழக்கம் காதில் விழாது, கேட்டுக்கொண்டிருக்கும் பையன்களுடைய முகங்கள் ஒவ்வொன்றாக மாறுவதுதான் கண்ணில் படும்.